இரண்டடி இடைவெளி

பாலையடிக்குளம், மன்னார்
2024 செப்டெம்பர் 11

அன்புள்ள வேரோனிக்கா,

போனை வைத்துவிட்டீர். பிறகு இரண்டு தரம் எடுத்தேன், நீர் தூக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதையும் நீர் கிழித்துப் போடலாம். ஆனால் முதல் வரியையாவது வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர்.

இருபத்தெட்டாம் திகதி ஃப்ளைட்டில் நான் வரவில்லை. ரிக்கெற்றை மாசிக்கு மாற்றிவிட்டேன்.

அப்பாவின் காணியை விற்கத்தான் வந்தேன், அதில் மாற்றமில்லை. ஆனால் வாங்க ஆளில்லை. சண்டைக் காலம் முழுக்க அந்தக் காணிக்குள்ளால்தான் ஆமியின் காவலரண் வரிசை போனது என்று ஊருக்கே தெரியும். கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் வந்து, அங்குலம் அங்குலமாகத் தேடி, "இனிப் பாவிக்கலாம்" என்று கடுதாசி தந்துவிட்டார்கள். கடுதாசி என் பையில் இருக்கிறது, முத்திரையோடு. இருந்தும் பார்க்க வருகிறவர்கள் றோட்டிலேயே நின்றுகொண்டு, "ஒரு போகம் ஆராவது செய்து காட்டட்டும் அண்ணை, பிறகு பாப்பம்" என்கிறார்கள். அதனால் நானே செய்து காட்டப் போகிறேன். ஓர் ஏக்கர் உழுந்து. மழைக்கு விதைத்தால் மாசிக்கு முன் முடிந்துவிடும்.

சிரிக்காதேயும். ரொறொன்ரோவில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ற் ஓடிய ஆளுக்கு உழுந்தைப் பற்றி என்ன தெரியும்? உமக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தியே இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் திரிந்த விவசாயப் போதனாசிரியை நீர். எந்த இனம் போட வேண்டும்? வரிசைக்கு வரிசை எவ்வளவு விடுவது? பக்கத்துக் காணிச் சீமோன் நாட்டு உழுந்தைப் போடச் சொல்கிறான். அவன் நல்ல பொடியன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் நாட்டு உழுந்து என்றுதான் சொல்வான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இந்தக் காணியின் பெயரை எடுத்தாலே உமக்கு ஏன் கோபம் வருகிறது? விற்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம், கதைக்கவும் வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய?

ஸ்டெபனிக்கு நான் சுகமென்று சொல்லும்.

அமிர்தநாதர்


பிக்கரிங்
2024 ஒக்ரோபர் 3

ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. நாலு நாள் மேசையில் கிடந்தது. ஸ்டெபனி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஜஸ்ட் கோல் ஹிம். ஹூ ரைட்ஸ் லெட்டர்ஸ்?" என்றாள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் நான் கத்துவேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

உங்களுக்கு அறுபத்து மூன்று வயது. நீரிழிவால் கால் விறைக்கிறது. "பாவிக்கலாம்" என்று கடுதாசியில் இருந்தால் போதுமா? கிழக்கு எல்லையில் காட்டோரத் துண்டு இருக்கிறதே, அதையும் துப்புரவாக்கினார்களா? கேட்டு எழுதுங்கள். உங்கள் அடுத்த கடிதத்தில் இதற்கு ஞாபகமாகப் பதில் இருக்க வேண்டும்.

ஸ்காபரோ பக்டரியில் என் வேலை இப்போது பருப்புப் பைகள் ஓடுகிற கன்வேயர் பட்டியின் கடைசிக்கு மாறிவிட்டது. கடலை, பயறு, உழுந்து, சோயா என்று உலகத்தில் உள்ள அவரை இனமெல்லாம் என் முன்னால் ஓடுகிறது. பட்டியின் முடிவில் உலோகம் கண்டுபிடிக்கிற மெஷின். ஒரு சின்ன ஆணி இருந்தாலும் "பீப்" என்று கத்தும், பட்டி நின்றுவிடும், நான் பையைத் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பீப்புக்கும் நான் ஓரடி பின்னால் போகிறேன்.

கேட்டதற்குப் பதில். நாட்டு உழுந்து வேண்டாம். அது படரும், தொண்ணூறு நாள் எடுக்கும், காய் கொஞ்சம் கொஞ்சமாக முற்றும். மூன்று நாலு தரம் காணிக்குள் இறங்கி ஆய வேண்டும். அனுராதா இனம் போடுங்கள். கட்டையாக நிற்கும், எழுபது நாள் அளவில் காய்கள் அநேகமாக ஒன்றாகவே முற்றும், ஒரே தரத்தில் பிடுங்கி எடுக்கலாம்.

வரிசைக்கு வரிசை ஓரடி. செடிக்குச் செடி நாலு அங்குலம். கூட நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் நோய் வரும். ஐதாக விட்டால் ஒவ்வொரு செடியும் கொழுத்து, கிளை வைத்து, பார்க்க வடிவாக நிற்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. விளைச்சலை ஒரு செடியில் எண்ணுவதில்லை, காணி முழுவதிலும் எண்ண வேண்டும். நான் சொன்ன இடைவெளியில் ஐந்தாம் கிழமை இலையோடு இலை தொட்டு மண் மூடிவிடும். மண் மூடினால் களைக்கு வெளிச்சம் இல்லை.

வரப்பு ஓரத்தில் ஆறடி வெறுமையாக விடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.

வேரோனிக்கா


பாலையடிக்குளம்
2024 ஒக்ரோபர் 26

அன்புள்ள வேரோனிக்கா,

விதைத்தாயிற்று. முளையும் வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு இலையைக் கையைக் கூப்பினாற்போல் வைத்துக்கொண்டு நிற்கிறது.

நீர் சொன்னபடி எல்லாம் செய்ய முடியவில்லை. அனுராதா விதை கடையில் முடிந்துவிட்டது. அதோடு சீமோன் தன் வீட்டு விதையைச் சும்மா தந்தான். அதோடு நாட்டு உழுந்து இந்த மண்ணுக்குப் பழகினது. ஆகவே அதைப் போட்டேன். உழவும் இல்லை, மழை முந்திவிட்டது. புல்லை வெட்டிவிட்டுக் கம்பால் குத்தி, குழிக்கு இரண்டு விதை போட்டேன். தனியாகத்தான் செய்தேன். ஒன்பது நாள் எடுத்தது.

இடைவெளி கொஞ்சம் கூட. வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. ஐதாக நின்றால் செடி கொழுக்கும் என்று நீரே எழுதியிருந்தீர்தானே. வரப்போரம் ஆறடி விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

இங்கே நிலாணி என்று ஒரு பிள்ளை களை பிடுங்கும் வேலை இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். இரண்டு சின்னக் குழந்தைகள், புருஷன் கொழும்பில். இப்போது இல்லை, பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

எழுத்து கோணலாக இருந்தால் குறை நினைக்காதேயும். கம்பு பிடித்த கை முழுக்கக் கொப்பளம்.

அமிர்தநாதர்


பிக்கரிங்
2024 நவம்பர் 18

ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம். நல்லவேளை, பார்க்டேலில் இருக்கிற எட்வேட் அண்ணை தாயாரைப் பார்க்க மன்னாருக்கு வருகிறார். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் முன்னால் பிரிக்க வேண்டாம்.

முப்பத்து நாலு வருடம் உங்களோடு வாழ்ந்தவள் நான். உண்மை சொல்லும்போது நீங்கள் ஒரு காரணம் சொல்வீர்கள். பொய் சொல்லும்போது மூன்று. விதை முடிந்தது, சும்மா தந்தான், மண்ணுக்குப் பழகினது. மூன்று.

மதிய இடைவேளையில் ஒரு பருப்புப் பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஓர் ஏக்கரில் ஓரடிக்கு நாலு அங்குலம் என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் குழி வரும். இரண்டடிக்கு ஓரடி என்றால் இருபத்தோராயிரத்துச் சொச்சம். ஆறில் ஒரு பங்கு. விளைச்சலைப் பற்றி யோசிக்கிற யாரும் இப்படி விதைக்க மாட்டார்கள். சீமோனே விதைக்க மாட்டான்.

உழவில்லை என்கிறீர்கள். மழை முந்தினால் இரண்டு நாள் பொறுத்து உழலாம். ஒரு ட்ராக்டர்காரனும் அந்தக் காணிக்குள் இறங்கவில்லை, அதுதானே? கூலிக்கு ஒருவரையும் விடவில்லை. கேட்டு வந்த பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அமிர்தநாதர், நீங்கள் உழுந்துக்கு இடைவெளி விடவில்லை. மண்ணைக் குத்துகிற தரத்தைக் குறைத்திருக்கிறீர்கள்.

காட்டோரத் துண்டைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

நேற்று பட்டியில் பீப் அடித்தது. நான் பையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்து, "வெரோனிக்கா, இட்ஸ் ஒன்லி எ ஸ்டேப்பிள்" என்றாள். பைக்குள் ஒரு ஸ்டேப்பிள் பின் கிடந்ததாம். எல்லோரும் பார்த்தார்கள்.

நாட்டு உழுந்தைப் போட்டு இன்னொரு பிழையும் விட்டிருக்கிறீர்கள். அது நாலு தரம் காய்க்கும். நாலு தரம் நீங்கள் அந்த மண்ணில் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். இடைவெளியில் வரப்போகிற களைக்கு எத்தனை தரம் நடப்பீர்கள்? குத்துகிற தரத்தைக் குறைத்து நடக்கிற தரத்தைக் கூட்டிவிட்டீர்கள்.

என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஒரு காரணம் மட்டும்.

வேரோனிக்கா


பாலையடிக்குளம்
2024 டிசெம்பர் 4

அன்புள்ள வேரோனிக்கா,

பயம். நீர் கேட்ட ஒரு காரணம் அதுதான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கம்போடு இறங்கினேன். மடியில் அனுராதா விதை. ஓம், வாங்கித்தான் வைத்திருந்தேன். முதல் குழிக்குக் கம்பை ஓங்கினேன், கை இறங்கவில்லை. சீமோன் தன் காணியில் நின்று, "என்ன அண்ணை, செபமோ?" என்று கேட்டான். ஓமென்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். மண். அடுத்தது குத்தினேன். அதுவும் மண். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அருள்நிறைந்த மரியே சொன்னேன். நூறுக்குப் பிறகு "மரியே" மட்டும்தான் வந்தது. மத்தியானம் எண்ணிப் பார்த்தால் ஆயிரம் குழி. உம்முடைய இடைவெளிக்கு இன்னும் எத்தனை என்று நானும் கணக்குப் பார்த்தேன், நீர் பார்த்த அதே கணக்கு. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். பின்னேரம் ஓரடியை இரண்டடியாக்கினேன், நாலு அங்குலத்தை ஓரடியாக்கினேன். அவ்வளவு ஐதுக்கு அனுராதா சரிவராது, படருகிற இனம் என்றால் இடத்தை அதுவே நிரப்பும் என்று சீமோனிடம் நாட்டு விதையைக் கேட்டு வாங்கினேன். அவன் சும்மா தந்தது மட்டும் உண்மை.

கடுதாசியில் எனக்குச் சந்தேகம் இல்லை. கை நம்பவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இப்போது கடுதாசியாலும் பிரயோசனம் இல்லை. போன கிழமை புயல் மழை பெய்தது. குளம் மேவி, கிழக்குக் காட்டுக்குள்ளால் வெள்ளம் என் காணிக்குள் பாய்ந்தது. நீர் கேட்ட அந்தத் துண்டு இன்னும் துப்புரவாக்கவில்லை, வேரோனிக்கா. அடுத்த வருடம்தான் அதற்கு முறை. அதில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். பாதிப் பலகைகளைக் காணவில்லை. ஒன்று என் உழுந்துக்குள் கிடந்தது. பலகை வந்த வழியால் வேறு என்ன வந்திருக்கும் என்று யோசித்தபடி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி நடக்கத் துணிவு வருவதற்கு நேரம் எடுத்தது.

களை முழங்காலுக்கு வந்துவிட்டது. நீர் சொன்னது போலத்தான். இரண்டு நாளாக முழங்காலில் நின்று பிடுங்குகிறேன். ஒவ்வொரு வேரையும் இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நிலாணி மூன்றாம் தரமும் வந்தாள். "மனமில்லை எண்டால் நேர சொல்லுங்கோ ஐயா. கனடாவில இருந்து வந்தும் புல்லுக்குள்ள தனிய உருளுறியள்" என்று ஏசிவிட்டுப் போனாள். அவளை உள்ளே விட மாட்டேன். ஆனால் ஏன் என்று சொல்லவும் இல்லை. வெள்ளத்தோடு வந்திருக்கலாம் என்று வாய் திறந்தால் இந்தக் காணி ஒருநாளும் விலைப்படாது. சீமோனுக்கும் சொல்லவில்லை. அவனுடைய ஆடுகள் எல்லையில் மேய்கின்றன, பின்னால் அவனுடைய மகள் போகிறாள்.

எழுதி வாசித்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. எட்வேட் நாளைக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுக்கிறேன்.

அமிர்தநாதர்


பிக்கரிங்
2024 டிசெம்பர் 13

அன்புள்ள உங்களுக்கு,

முந்தாநாள் போனில் நான் கத்தியதை ஸ்டெபனி மாடியில் இருந்து கேட்டாள். "வெளியில வாங்கோ, வெளியில வாங்கோ" என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. நீங்கள் "சரி, சரி" என்றதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இதில் எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிற நிரூபா கிறிஸ்மசுக்கு ஊருக்கு வருகிறாள், அவள் கொண்டுவருவாள்.

காணிக்குள் கால் வைக்காதீர்கள். களை காடாகட்டும், காய் வெடித்துக் கொட்டட்டும். கண்ணிவெடி அகற்றும் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன்னால் சீமோனிடம் போங்கள். நிலாணியிடம் போங்கள். காணி விலைப்படாவிட்டால் கிடந்து உக்கட்டும்.

ஏன் ஆறடி விடச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

1991 கார்த்திகை. நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். என் பிரிவில் மங்கையற்கரசி என்று ஒரு பெண் உழுந்து செய்தாள், என்னிலும் மூன்று வயது மூப்பு. அவளுடைய காணிக்குப் பின்னால் ஆமி முகாம். நான் கொப்பியோடு போனபோது பின்வரப்போரம் ஆறடி விதைக்காமல் கிடந்தது.

"ஏன் இந்த இடத்தை வீணாக்கிறீங்கள்? வரப்பு வரைக்கும் விதைச்சால் இன்னும் ஆறு வரிசை வரும்" என்றேன்.

"அங்கால போகப் பயமாக் கிடக்கு மிஸ்" என்றாள்.

"பயந்தால் விளையாது" என்றேன். இருபத்தாறு வயது எனக்கு. அப்படித்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டு. கொப்பியில் "பயிர் அடர்த்தி குறைவு, ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதி ஒப்பமும் வைத்தேன். மூன்றாம் நாள் அந்த ஆறடிக்குள் அவளுக்கு வெடித்தது. இடது கால்.

அந்த மாதம் நான் வேலையை விட்டேன். உங்களுக்குத் தலைசுற்று என்று சொன்னேன். நீங்கள் எனக்குப் பாலில் மஞ்சள் போட்டுத் தந்தீர்கள். பிறகு கொழும்பு, பிறகு கனடா, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி. பதினேழாம் மாடியில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? காலுக்குக் கீழே மண் இல்லை.

இங்கே இன்றைக்கு முதல் பெரிய பனி. பிக்கரிங் ஸ்டேசனில் இறங்கிக் காருக்கு நடக்க வேண்டும். நிலம் முழுக்க வெள்ளை, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு முன்னால் ஒரு மனிசன் போனான். அவனுடைய காலடி பதிந்த இடங்களில் மட்டும் என் காலை வைத்து வைத்து நடந்தேன். பாதி வழியில்தான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அந்த மனிசன் திரும்பி, "யூ ஓகே?" என்று கேட்டான். ஓமென்று தமிழில் சொன்னேன்.

உங்களுக்கும் நான்தான் இடைவெளி சொல்லித் தந்தேன். பயத்தில் நீங்கள் அதைக் கேட்காமல் விட்டதற்குக் கடவுளுக்கு நன்றி.

வேரோனிக்கா


பாலையடிக்குளம்
2025 சனவரி 8

அன்புள்ள வேரோனிக்கா,

உயிரோடு இருக்கிறேன். இரண்டு காலும் இருக்கிறது. போனில் சொன்னதுதான் என்றாலும் எழுத்தில் இருந்தால் நீர் திரும்பத் திரும்ப வாசிக்கலாம்.

நீர் போனில் கத்தியதற்கு அடுத்த நாளே சீமோனிடம் போய் எல்லாம் சொன்னேன்.  முதலில் மகளைக் கூப்பிட்டு ஆட்டைக் கட்டச் சொன்னான். பிறகு, "எத்தினை நாளாத் தெரியும்?" என்று கேட்டான். இரண்டு கிழமை என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "சரி, வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு காணிக்கு வந்தான்.

உள்ளே இறங்கவில்லை. றோட்டோர வரப்பில் நின்று பார்த்தோம். சீமோனுக்குக் கண் கூர்மை. "அண்ணை, மூண்டாவது வரிசைக்கும் நாலாவதுக்கும் நடுவில பாருங்கோ" என்றான். நான் களை பிடுங்கி வெளியாக்கிய மண்ணில் சப்பாத்துக்குப் பூசுகிற பொலிஷ் டின் அளவில் பச்சையாக ஒன்று, பாதி புதைந்து கிடந்தது. பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, மண்ணில் இரண்டு குழி. என்ன குழி என்று முதலில் விளங்கவில்லை. என் முழங்கால் பதிந்த தடம், வேரோனிக்கா. அங்கேயே வரப்பில் குனிந்து சத்தி எடுத்துவிட்டேன். சீமோன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். கோபத்தோடுதான் தடவினான்.

கிறிஸ்மஸ் முடிந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு மிதிவெடி எடுத்திருக்கிறார்கள். மற்றது சீமோனின் எல்லைக்கு நாலு பாகம், இருபத்துநாலு அடி, இப்பால். காணியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியாயிற்று, முழுக்கத் திரும்பத் தேட வேண்டுமாம். வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "பயிர் ஐதா இருந்தபடியால் கண்டிட்டீங்கள். மூடியிருந்தால் மிதிச்சாப் பிறகுதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். உமக்கு இதை எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். நமக்குள் இனி ஒன்றையும் ஒளிக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

விளைச்சல்: றோட்டுப் பக்கம் தேடி முடித்த துண்டில் மட்டும் ஆய விட்டார்கள். நிலாணியும் சீமோனும் நானும் ஆய்ந்தோம். பதினொரு கிலோ. நிலாணியிடம் எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், பிறகு ஏசினாள். உழுந்தை இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. உம்மிடம் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். நிரூபா கொண்டுவந்த கடிதத்தை வாசித்துவிட்டு மங்கையற்கரசியைத் தேடினேன். இங்கிருந்து ஏழு மைல். சீமோன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனான். பொய்க்கால் போட்டு, முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தா. நான் யாரென்று சொன்னேன்.

"வேரோனிக்கா மிஸ்ஸின்ர அவரோ? இருங்கோ" என்றா. தேத்தண்ணி தந்தா.

"தான் சொல்லித்தான் நீங்கள் அண்டைக்கு வரப்புக்குப் போனதெண்டு அவ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறா" என்றேன். இல்லை என்று சொல்லுவா என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"ஓம். அவ சொல்லித்தான் போனனான்" என்றா.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவவே தொடர்ந்தா. "கால் போனதுக்கு நான் மிஸ்ஸில கோவிக்கேல்லை. அந்த வருசம் இந்தப் பக்கத்தில ஒன்பது பேருக்குப் போனது. ஆனால் ரெண்டு மாசம் மன்னார் ஆசுப்பத்திரியில கிடந்தனான். அரசாங்கக் கச்சேரியில இருந்து ஆள் வந்தது, சுவாமியார் வந்தார். மிஸ் வரேல்லை. ஒவ்வொரு நாளும் வாசலைப் பாத்தனான். அந்தக் கோவம்தான் இருக்கு."

அப்படியே எழுதிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அமிர்தநாதர்


பிக்கரிங்
2025 சனவரி 30

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள். வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை.

பயிர் மூடியிருந்தால் என்று அந்த மனிசன் சொன்னதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதுதான் நல்லது. ஓரடி, நாலு அங்குலம், அது சரியான இடைவெளிதான். இன்றைக்கும் யாரும் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் முதலில் அந்த மண்ணைப் பற்றிக் கேட்பேன். அதற்கும் முதல், கேட்கிற ஆளுக்கு என்ன பயம் என்று கேட்பேன். அன்றைக்கு அவள் எனக்கு அதைத்தான் சொன்னாள், நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆசுப்பத்திரியைப் பற்றி. நான் போனேன். அவளுக்கு அது தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. நாலாம் நாள், ஒரு பை தோடம்பழத்தோடு போய் வாசலில் சைக்கிளைப் பூட்டினேன். உள்ளே போனால் என் முகத்தைப் பார்த்து என்ன கேட்பாள் என்று நினைத்தேன். கால் நகரவில்லை. அரை மணித்தியாலம் நின்றிருப்பேன். வார்டிலிருந்து யாரோ பெண் கத்தியது கேட்டது. அவளாக இருக்க வேண்டும் என்றில்லை. நான் சைக்கிளைத் திறந்து வந்துவிட்டேன். தோடம்பழத்தை வீட்டில் உரித்தோம். நீங்களும் இரண்டு சாப்பிட்டு, இனிப்பு என்று சொன்னீர்கள்.

ஸ்டெபனிக்கு நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அம்மா, யூ வேர் ஒன்லி ட்வென்ரி சிக்ஸ்" என்றாள். அவளுக்கு முப்பது. இருபத்தாறு என்றால் குழந்தை என்று நினைக்கிறாள். இருபத்தாறு வயதுக்கு வாசல் தாண்டி உள்ளே போகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். பிறகு இரண்டு பேருமாக இருந்து ரிக்கெற் போட்டோம்.

மாசி பதினைந்து கொழும்பு. அடுத்த நாள் காலை பஸ்ஸில் மன்னார். உங்கள் ரிக்கெற்றைத் திரும்ப ஒரு தரம் மாற்றுங்கள். காணிக்கு நான் வரவில்லை, அது நாடாவுக்குள் இருக்கட்டும். நேரே அவளிடம் போக வேண்டும்.

பயமாக இருக்கிறது. மண்ணுக்கு இல்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முகத்துக்குப் பயம். 

நீங்கள் அவளுடைய வீட்டுப் படலையடியில் நில்லுங்கள். உள்ளே வர வேண்டாம். அவள் என்னை ஏசினால் குறுக்கே கதைக்கக் கூடாது, எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லவும் கூடாது. அவள் இருக்கச் சொன்னால் இருப்பேன். போகச் சொன்னால் போய்விட்டு, அடுத்த நாள் திரும்ப வருவேன்.

வேரோனிக்கா